கடிக்காத ஷூ

உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன். வேட்டி கட்டினால் காலுக்கு என்ன போடுவீர்கள்?

யோசிக்கக்கூட மாட்டீர்கள். செருப்பு. தோலோ, ரப்பரோ, அது அவரவர் வசதி. பட்டு வேட்டிக்குக் கீழே கறுப்பு ஷூவும் சாக்ஸும் போட்டுக்கொண்டு ஒருத்தர் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால், பந்தியில் பாதிப் பேர் சாம்பாரை மறந்துவிட்டு அவர் காலைத்தான் பார்ப்பார்கள். அந்தக் காலத்து வக்கீல்கள் பஞ்சகச்சம், கோட்டு, தலைப்பாகை, பம்ப் ஷூ என்று கோர்ட்டுக்குப் போனது வேறு கதை. இன்றைக்குக் கூடாது. ஏன் கூடாது என்று கேட்டால் யாருக்கும் காரணம் தெரியாது. கூடாது, அவ்வளவுதான்.

இதே கேள்வியை ஒரு ஸ்காட்லாந்துக்காரரிடம், வேட்டிக்குப் பதிலாக கில்ட் என்று போட்டுக் கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் பேசுவார். பக்கத்தில் இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் இருந்தால் சண்டையே வரும். எனக்குக் கேட்டே ஆகவேண்டிய நிலைமை. 2023 செப்டம்பரில் என் பெண்ணின் கல்யாணத்துக்கு நான் கில்ட் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

பெண்ணுக்கு எடின்பரோவில் வேலை. பையனும் அந்த ஊர்தான். அந்த வருஷம் மே மாதம் சென்னையில் நம்ம முறைப்படி தாலி கட்டினார். செப்டம்பரில் அவர்கள் முறைப்படி, மலைப்பக்கம் பிட்லாக்ரி என்ற ஊரில். மே மாதம் மாப்பிள்ளை வேட்டி கட்டினார், பூணூல் போட்டார், மயிலாப்பூர் கோயில் பிராகாரத்தில் பகல் பன்னிரண்டு மணிக் கருங்கல்லில் வெறுங்காலோடு நடந்தார். நடந்தார் என்று சொன்னால் பொய். தாண்டினார். உள்ளங்கால் இரண்டும் கொப்புளம். ஒரு வார்த்தை முகம் சுளிக்கவில்லை அந்தப் பிள்ளை.

அதனால் செப்டம்பரில், "அப்பா, நீங்க கில்ட் கட்டிக்கிறீங்களா?" என்று பெண் போனில் கேட்டபோது என்னால் முடியாது என்று சொல்ல முடியவில்லை.

"வேட்டியே கட்டிக்குங்களேன், எவன் கேக்கப்போறான்?" என்றாள் மனைவி. நியாயம்தான். சென்னையில் ஒரு கிளப்பில் வேட்டியோடு வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை வாசலில் நிறுத்தப்போய், 2014-ல் நம் சட்டசபை வேட்டிக்காக ஒரு சட்டமே போட்டது நினைவிருக்கும். வேட்டி கட்டியிருந்தால் என்னுடைய பழைய செருப்பே போதும். இந்தக் கட்டுரையும் இல்லை. ஆனால் கொப்புளத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

கில்ட்டைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். நம்ம எட்டு முழம் மாதிரி அங்கே எட்டு கஜம். கனமான கம்பளித் துணி. பின்பக்கம் முழுக்கக் கொசுவம், முன்பக்கம் தட்டை, இடுப்பில் தோல் வார். முழங்கால் நடுவில் வந்து நிற்க வேண்டும். முன்னால் ஒரு தோல் பை தொங்கும். உள்ளே என்ன போடுவார்கள் என்ற கேள்விக்கு இந்தப் பக்கத்தில் பதில் கிடையாது.

விஷயம் அதற்குக் கீழே இருக்கிறது. பேன்ட் போட்டால் பாதி ஷூ உள்ளே மறைந்துவிடும். வேட்டியில் கணுக்கால் வரை மூடிக்கொள்ளலாம். கில்ட்டில் முழங்காலுக்குக் கீழே எல்லாமே கண்காட்சி. தடியான கம்பளி சாக்ஸ், மேலே மடித்துவிட்ட பட்டை, அதைப் பிடித்து நிறுத்த எலாஸ்டிக், அதில் தொங்கும் வண்ணத் துணி, வலது சாக்ஸில் செருகிய சின்னக் கத்தி, கடைசியில் ஷூ. இவ்வளவு தூரம் கண்ணை இழுத்துக்கொண்டு வந்து ஷூவில் கொண்டுபோய் நிறுத்துகிறது அந்த உடை.

இப்போது நான் இதுவரை மறைத்த விஷயத்துக்கு வருகிறேன். எனக்குச் சர்க்கரை வந்து இருபது வருஷம் ஆகப்போகிறது. காலில் உணர்ச்சி குறைவு. 2020-ல், ஊரடங்கு சமயம், ரப்பர் செருப்பின் அடியில் ஒரு குண்டூசி ஆணி குத்தி மேலே வந்துவிட்டது. அதோடு நான் நாள் பூரா நடந்திருக்கிறேன். எனக்குத் தெரியவே இல்லை. ராத்திரி மொசைக் தரையில் சிவப்பாகப் புள்ளி புள்ளியாக இருந்ததைப் பார்த்து மனைவி கத்தினாள். நாலு மாதம் கட்டுப் போட்டும் ஆறாமல், இடது காலில் கட்டைவிரலுக்கு அடுத்த விரலை எடுத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து என் கால் எனக்குச் சொந்தமில்லை, டாக்டருடையது. வீட்டுக்குள்ளேயும் எம்.சி.ஆர். செருப்பு. வெறுங்கால் கிடையாது. கோயிலில் தடி சாக்ஸ். ஷூவுக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் காலை விடவேண்டும். புது ஷூ வாங்கினால் சாயங்காலம்தான் வாங்கவேண்டும், கால் வீங்கியிருக்கும்போது. முதல் நாள் அரை மணி, மறுநாள் ஒரு மணி என்று பழக்க வேண்டும். தினமும் ராத்திரி கண்ணாடி வைத்து உள்ளங்கால் தரிசனம்.

இது சம்பந்தி வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று பெண்ணிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். சிரிக்காதீர்கள். பெண் வீட்டில் ஒரு குறை என்றால் மூடிவைக்கிற புத்தி, எத்தனை படித்தாலும் போவதில்லை. ஸ்காட்லாந்து சம்பந்தியாக இருந்தாலும் சம்பந்தி சம்பந்திதானே!

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் எடின்பரோ ராயல் மைலில் ஒரு வாடகைக் கடைக்கு அழைத்துப் போனார்கள். கோட்டு, கில்ட், தோல் பை, சாக்ஸ், கத்தி (வாடகைக் கத்தி பிளாஸ்டிக்தான், பிடி மட்டும் நிஜம் மாதிரி), கூடவே ஷூ. அந்த ஷூவுக்குப் பேர் கில்லி ப்ரோக்.

'கில்லி' என்றதும் உங்களுக்கு விஜய் படம் ஞாபகம் வரும். எனக்குக் கிட்டிப்புள் வந்தது. அவர்கள் மொழியான கேலிக்கில் கில்லி என்றால் பையன், வேட்டைக்குப் போகும் துரைக்குப் பின்னால் மூட்டை தூக்கிக்கொண்டு போகும் எடுபிடி. ப்ரோக் என்றால் ஷூ. ஆக, எடுபிடிப் பையனின் ஷூ. இன்றைக்கு அதைத்தான் கல்யாண மாப்பிள்ளை போடுகிறார்.

பார்த்தால் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். சாதாரண ஷூவில் நாடாவுக்கு அடியில் ஒரு தோல் நாக்கு இருக்கும் அல்லவா, இதில் அது கிடையாது. சாக்ஸ் அப்படியே தெரியும். நாடா நீளமோ நீளம். வளையங்களில் கோத்து, மேலே இழுத்து, முன்பக்கம் இரண்டு மூன்று முறை முறுக்கி, கணுக்காலைச் சுற்றிப் பின்னால் கொண்டுபோய், மறுபடி முன்னால் கொண்டுவந்து முடிச்சுப் போட வேண்டும். நுனியில் குஞ்சம் தொங்கும். கணுக்காலுக்குச் சற்று மேலே முடிந்தால் அழகு. புதிதாகப் போடுகிறவர்கள் ஆர்வத்தில் ஆடுசதை வரை சுற்றிவிடுவார்கள். சினிமாவில் ரோமானியச் சிப்பாய் மாதிரி இருக்கும், பத்து நிமிஷத்தில் அவிழ்ந்து விழும்.

கடைப் பெண் என் காலில் அதை மாட்டி, நாடாவை இறுக்கி, "எங்கேயாவது கடிக்குதா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

உண்மைதான். கடிக்கவில்லை. எனக்கு எந்த ஷூவும் கடிக்காது. அதுதானே வியாதி! தோல் கல் மாதிரி இருந்தது, முனை குறுகல், நாக்கில்லாத இடத்தில் நாடா நேராகப் புறங்காலை அழுத்தியது. இவ்வளவும் என் கண்ணுக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை. அவள் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு ரசீது போட்டாள். சாக்ஸை நான் கழற்றவே இல்லை. பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தியம் பண்ணியிருந்ததால் பேசவில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் மாப்பிள்ளை வீட்டு அலமாரியில் இருந்த புத்தகங்களைப் புரட்டினேன். ஒரு விஷயம் கிடைத்தது. 1543-ல் ஜான் எல்டர் என்ற மலைநாட்டுப் பாதிரியார் இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். எங்கள் ஆட்கள் எப்படி ஷூ செய்வார்கள் தெரியுமா என்று விவரிக்கிறார். மானை வேட்டையாடி, தோலை உரித்து, வெறுங்காலை அதன் உட்பக்கத்தில் வைத்து அளவெடுத்து வெட்டி, முடி வெளியே தெரிய தைத்துக்கொள்வார்களாம். அப்புறம் குத்தூசியால் அதில் ஓட்டை போடுவார்களாம், உள்ளே வந்த தண்ணீர் வெளியே போவதற்கு. இருநூறு வருஷம் கழித்து எட்மண்ட் பர்ட் என்ற ஆங்கிலேய அதிகாரியும் அங்கே போய்விட்டு இதையே எழுதுகிறார். புது ஷூவிலும் ஓட்டை போடுகிறார்கள், ஆற்றைத் தாண்ட வேண்டியிருக்கிறதே என்று.

நம் ஊரில் ஆபீஸ் போகிறவர்கள் போடும் ஷூவில் பூப்பூவாகப் பொட்டுப் பொட்டாக ஓட்டை இருக்கிறதே, அதற்கும் ப்ரோக் என்றுதான் பேர். அந்த ஓட்டைக்கு வம்சாவளி இங்கேதான் சொல்கிறார்கள். சேற்றில் நடந்தவனின் ஓட்டை, நகரத்துக்கு வந்து அலங்காரமாகி அடைபட்டுவிட்டது.

1746-ல் கல்லோடன் சண்டையில் மலைநாட்டுக்காரர்கள் தோற்றதும் லண்டன் பார்லிமென்ட் இந்த உடையையே தடை செய்தது. முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதம் சிறை, இரண்டாம் தடவை ஏழு வருஷம் நாடு கடத்தல். 1782-ல்தான் நீக்கினார்கள். பிறகு 1822-ல் ராஜா நான்காம் ஜார்ஜே எடின்பரோவுக்கு கில்ட் கட்டிக்கொண்டு வந்தார், உள்ளே தோல் நிறத்தில் கால்சட்டை மாட்டிக்கொண்டு. நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் ஏற்பாடு. தடை செய்தவன் பேரனே கட்டிக்கொண்டது! (கணக்குப் பார்த்தால் கொள்ளுப்பேரன்.) அதற்கப்புறம்தான் இதற்கு இது, அதற்கு அது என்ற விதிகளெல்லாம் பெருகின.

மறுநாள் சாயங்காலம் சம்பந்தி தன் வீட்டுச் சமையலறைக்குக் கூப்பிட்டார். முப்பது வருஷம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசாத மனுஷர். மேஜை மேல் டீ. கீழே தரையில் பழைய பேப்பரை விரித்து வரிசையாக ஷூக்கள்.

"ஷூ சரியா இருக்கா?" என்றார்.

"ரொம்ப நல்லா இருக்கு."

அவர் டீயைக் கலக்கிக்கொண்டே சொன்னார்: "மெட்ராஸ் கோயில்ல அன்னைக்கு எல்லாரும் வெறுங்கால். நீங்க மட்டும் சாக்ஸ் போட்டிருந்தீங்க. முப்பது வருஷம் நடந்து பிழைச்சவன் நான். எதிரே வர்றவங்க முகத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி காலைத்தான் பார்ப்பேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு குனிந்து இடது சாக்ஸைக் கழற்றினேன். எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியாது. அவர் விரல் இல்லாத இடத்தைப் பார்த்தார். ஐயோ என்றோ, ஸாரி என்றோ சொல்லவில்லை. "எந்த ஷூ?" என்று மட்டும் கேட்டார்.

"ஷூ இல்லை, செருப்பு."

அப்புறம் அரை மணி நேரம் பேசினார். அன்றைக்கு அவ்வளவு பேசியது அவர்தானா என்று இன்றைக்கும் சந்தேகம். சாயங்கால விருந்துக்கு கில்ட் கட்டினால் வெள்ளிப் பூண் வைத்த ஷூ போடுவார்களாம், பகலில் தடித்த ஸ்காட்ச் துணிக் கோட்டு என்றால் பழுப்பு ஷூவாம். ஃபுட்பால் பார்க்கப் போகிற பையன்கள் மலையேறும் பூட்ஸைப் போட்டு சாக்ஸைக் கீழே சுருட்டிவிட்டுக்கொண்டு போகிறார்கள், அவர்களை யார் கேட்டார்கள்? சாதாரணக் கறுப்பு ஷூ போட்டால் தப்பே இல்லை. இந்தக் கில்லி ப்ரோக்தான் போட்டாக வேண்டும் என்பது வாடகைக் கடைக்காரர்கள் வைத்த சட்டம். தோல் அடிப்பாகம் வேறு, ஈரப் புல்லில் வழுக்கும், நடன மேடையில் இன்னும் வழுக்கும்.

பட்டாளத்துக் கதை ஒன்றும் சொன்னார். குடியரசு தின அணிவகுப்பில் பைப் வாசித்துக்கொண்டு வரும் நம் பட்டாளத்துக்காரர்கள் ஷூவின் மேல் வெள்ளையாக ஓர் உறை மாட்டியிருப்பார்களே, பார்த்திருப்பீர்கள். ஸ்பாட்ஸ் என்று பேர். அவர்களிடமிருந்து வந்ததுதான் அது. முதல் உலகப் போரில், 1914 குளிர்காலத்தில், கில்ட் கட்டிய பட்டாளங்கள் குட்டை ஷூவும் ஸ்பாட்ஸுமாகப் பிரான்ஸ் பதுங்கு குழிகளில் இறங்கினார்கள். சேறு ஷூவைக் காலோடு பிடித்து இழுத்துக்கொண்டது. வெறுங்காலோடு திரும்பி வந்தவர்கள் உண்டு. அப்புறம்தான் ராணுவம் பூட்ஸ் கொடுத்தது. "அழகா இருக்குன்னு போட்டதெல்லாம் முதல் மழையோட சரி" என்றார்.

நான் சென்னையிலிருந்து விமானத்துக்குப் போட்டு வந்த கறுப்பு ஷூவை எடுத்து வரச் சொன்னார். சர்க்கரைக்காரர்களுக்கென்று முனை அகலமாக, உள்ளே ஆழமாக, மெத்தென்ற அட்டை வைத்துச் செய்தது. மூன்று வருஷம் உழைத்த ஷூ. பார்க்க லட்சணமாக இருக்காது, தவளை மாதிரி இருக்கும். அவர் அதைக் கையில் வாங்கி, உள்ளே விரலை விட்டுத் துழாவினார். என் டாக்டர் செய்வது மாதிரியே.

"இதுதான்" என்றார்.

கல்யாணத்தன்று காலை மழை தூறிக்கொண்டிருந்தது. ஓட்டல் அறைக் கதவைத் தட்டிக்கொண்டு சம்பந்தி வந்தார், முழு கில்ட் அலங்காரத்தில். கையில் என் ஷூ. முதல் நாள் ராத்திரி அவரே எடுத்துப் போயிருந்தார். கண்ணாடியாகப் பளபளத்தது. பழைய நாடாவை உருவிவிட்டு, தன்னுடைய கில்லி ப்ரோக்கின் நீள நாடாவை அதில் கோத்திருந்தார். குஞ்சத்தோடு.

"உங்க ஷூவுக்கு?" என்று கேட்டேன்.

காலைத் தூக்கிக் காட்டினார். தபால்காரராக இருந்தபோது போட்ட கறுப்பு ஷூ.

நான் கில்ட் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கோலத்தில் குனிந்து நாடா கட்டுவது எவ்வளவு சங்கடம் என்று கட்டிப் பார்த்தால்தான் தெரியும். சம்பந்தி ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்து, என் காலை எடுத்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மே மாதம் தாம்பாளத்தில் மாப்பிள்ளையின் காலை வைத்துக் கழுவியவன் நான். நம் ஊரில் பெண்ணைப் பெற்றவன்தான் காலைப் பிடிக்க வேண்டும். பிள்ளையைப் பெற்றவர் பெண்ணின் அப்பா காலைப் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? காலை இழுத்துக்கொண்டேன். "ஆடாதீங்க" என்றார், சலூன்காரர் மாதிரி.

நாடாவை இறுக்காமல் கட்டினார். ரத்த ஓட்டம் நிற்கக்கூடாதே. ஒரு விரல் நாடாவுக்குள் போகிறதா என்று விட்டுப் பார்த்துவிட்டுத்தான் முடிச்சுப் போட்டார். சாக்ஸைப் பிடிக்கும் எலாஸ்டிக்கையும் தளர்த்திவிட்டார். அதனால் அன்று பூரா என் சாக்ஸ் இறங்கிக்கொண்டே இருந்தது. கல்யாண போட்டோக்களில் பாதியில் நான் குனிந்து சாக்ஸ் ஏற்றிக்கொண்டிருப்பேன். பிளாஸ்டிக் கத்தி இரண்டு தரம் கீழே விழுந்தது. ஒரு குழந்தை எடுத்துக் கொடுத்தது.

பெண்ணைக் கைபிடித்து ஈரப் புல்வெளியில் நடத்திக் கூட்டிப் போனேன். எதிரே மாப்பிள்ளையின் தோழர்கள் ஆறு பேர், அத்தனை பேரும் வாடகைக் கில்லி ப்ரோக், அதில் இரண்டு பேர் வழுக்கி ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். என் தவளை ஷூ வழுக்கவில்லை. பெண் கீழே என் காலைப் பார்த்தாள், குஞ்சத்தைப் பார்த்தாள், அப்புறம் தூரத்தில் நின்ற மாமனாரின் காலைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. "அழாதீங்கப்பா, போட்டோ எடுக்கிறாங்க" என்றாள். அழுதுகொண்டிருந்தது அவள்தான்.

ராத்திரி நடனம். அதற்குப் பேர் 'கேய்லி'. கேலி என்றே சொல்லலாம், என்னைப் பொறுத்தவரை அதுதான். ஆளைப் பிடித்துச் சுழற்றி அடுத்தவரிடம் எறிகிற ஆட்டமெல்லாம் எனக்கு வேண்டாம் என்று உட்கார்ந்திருந்தேன். கே கார்டன்ஸ் என்று ஒன்று, ஜோடியாக நாலடி முன்னால், நாலடி பின்னால். கோயில் பிரதட்சிணம் மாதிரி. அதற்கு மட்டும் பெண்ணோடு எழுந்தேன். மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர், அந்த விஷயங்களில் கறாரானவர் போலிருக்கிறது, என் ஷூவை உற்றுப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி நான் பார்த்ததே இல்லையே, எந்தப் பக்கத்து வழக்கம்?" என்று கேட்டார்.

"மாம்பலம்" என்றேன். மரியாதையாகத் தலையாட்டினார்.

அறைக்குத் திரும்ப மணி பன்னிரண்டரை. மனைவி செல்போன் டார்ச்சையும் கைக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து என் இரண்டு உள்ளங்கால்களையும் விரல் விரலாகப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. கணுக்காலில் நாடா பதிந்த தடம் மட்டும் லேசாக, அதுவும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்துவிட்டது.

அப்புறம்தான் அவள் எழுந்து நொண்டியபடி பாத்ரூமுக்குப் போனதைக் கவனித்தேன். புடவைக் கலருக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று பாண்டி பஜாரில் வாங்கிய புதுச் செருப்பு. இரண்டு குதிகாலிலும் ரூபாய் அளவுக்குத் தோல் வழன்றிருந்தது. காலையிலிருந்து யாரும் அவள் காலைப் பார்க்கவில்லை.

"ஏன்டி சொல்லலை?"

"எங்கே சொல்றது? எல்லாரும் உங்க காலையே பார்த்துண்டிருந்தீங்க."

மருந்தையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு, கில்ட்டோடு நான் தரையில் உட்கார்ந்தேன்.